நடுங்கும் கையும் காலாவதிச் சட்டமும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் சாலைக் கம்போளத்தை அறியாத நேயர் இந்நகரில் இரார். திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய இக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் பல தலைமுறைகளாகத் தொழில் நடத்தி வருகின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள விஷயத்துக்கு அக்கடைத்தெருவிலிருந்து இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, நாட்டு மருந்துக் கடையின் சாக்கில் கிடக்கும் பூனைக்காலி விதை. மற்றொன்று, கடைக்காரரின் இரும்புப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் புரோநோட்டு.

புரோநோட்டின் ஆயுள் மூன்று ஆண்டு என்பது சாலையில் கணக்கெழுதப் பழகும் சிறுவனுக்கும் தெரியும். அதற்குள் வழக்குப் போடவேண்டும். அல்லது வட்டியிலோ முதலிலோ ஏதேனும் பெற்றுக்கொண்டு நோட்டின் முதுகில் வரவு எழுதி வாங்கவேண்டும். தவறினால் நோட்டுக் காலாவதியாகிவிடும். கடன் பொய்யென்று யாரும் சொல்லுவதில்லை. ஆனால் நீதிமன்றம் அதைக் காது கொடுத்துக் கேளாது. சாட்சிகள் இறந்துபோவர், ஏடுகள் செல்லரித்துப் போகும், எவனும் வாழ்நாள் முழுதும் வழக்குக்கு அஞ்சிக்கொண்டே இருக்கலாகாது என்பன இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணங்கள். பணக் கடனைப் பொறுத்தவரை இவை நியாயமான காரணங்களே.

ஆனால் இருபது வயதில் ஒருவன் குடித்த தண்ணீர் ஐம்பத்தைந்தாவது வயதில் அவன் கையை நடுங்க வைக்குமானால், அந்தக் கடனுக்குக் காலாவதியை எந்த நாளிலிருந்து எண்ணுவது? அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமின் குழாய்த் தண்ணீர் இந்தக் கேள்வியை எழுப்பிற்று. பாலக்காட்டுக் கிராமம் ஒன்றின் கிணற்று நீர் பற்றி நமது திருவனந்தபுரத்துச் சட்டசபையும் ஏறக்குறைய இதே கேள்வியைச் சந்தித்தது. இவ்விரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடைத்து.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கை, தாடை முதலிய உறுப்புகள் ஓய்ந்திருக்கும்போதே நடுங்குதல், நடை சிறுத்துத் தயங்குதல், முகம் உணர்ச்சியற்று இறுகுதல் ஆகியன இதன் குறிகள். கம்பவாதம் என்று ஆயுர்வேதமும் நடுக்குவாதம் என்று தமிழும் கூறும் இதனை, லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஒரு சிறு நூலில் விவரித்தார். பின்னர் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளையின் அடிப்பகுதியில் கருமை படர்ந்த ஒரு சிறு பகுதியிலுள்ள உயிரணுக்கள் அழிவதால், டோபமீன் என்னும் பொருள் குறைந்து இந்நிலை விளைகிறது. டோபமீனாக உடலில் மாறவல்ல லெவோடோபா என்பதே இன்றும் இதற்குத் தலைமையான மருந்து. பூனைக்காலியின் சிறப்பு இங்கேதான். மலையாளத்தில் நாய்க்குருணம் எனப்படும் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர் ரசாயனக் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் ஆவர். அப்பொருள் நடுக்குவாதத்தைத் தணிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1967-ல், நியூயார்க்கில் கோட்ஸியாஸ் என்னும் வைத்தியர் அதை மிகுந்த அளவில் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்தபோதே உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

மருந்து கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. முதுமையின் கோளாறு, விதியின் கோளாறு என்று நெடுநாள் சொல்லி வந்தனர். 1982-ல் கலிபோர்னியாவில் போதைப்பொருள் உண்ட சில இளைஞர்கள் திடீரெனச் சிலைபோல் உறைந்து போயினர். அந்தச் சரக்கில் கலந்திருந்த ஒரு ரசாயனப் பொருளே பார்க்கின்சன் நோயின் குறிகளை ஒரு சில நாளில் தோற்றுவித்தது என்று லாங்ஸ்டன் என்னும் நரம்பியல் வைத்தியர் அடுத்த ஆண்டு வெளியிட்டார். புறத்திலிருந்து வரும் நஞ்சு இந்நோயை உண்டாக்கக்கூடும் என்பது அத்துடன் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. அதன்பிறகே ஆராய்ச்சியாளர் தொழிற்சாலை ரசாயனங்களின்பால் பார்வையைத் திருப்பினர். அவற்றுள் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். இயந்திர உறுப்புகளில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கும், துணி வெளுப்பதற்கும் இது பயன்பட்டு வந்தது. அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாகவும் ஒரு காலத்தில் இருந்தது. காப்பிக் கொட்டையிலிருந்து காபீனை நீக்குவதற்குக்கூட மேல்நாட்டார் இதனைக் கையாண்டனர். கும்பகோணம் டிகிரிக் காப்பிக்கு அந்த ஆபத்து நேரவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரட்டைப் பிறவிகளாகிய 99 இணைகளுள் இந்த ரசாயனத்தோடு வேலை செய்தவர்க்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு அளவில் மிகுந்து காணப்பட்டது.

இனி அமெரிக்க முகாமுக்கு வருவோம். வட கரோலினாவின் கடற்கரையை ஒட்டி, கடற்படையைச் சார்ந்த மரீன் துருப்புகளுக்கென இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமைக்கப்பட்டது காம்ப் லெஜூன். சிப்பாய்களும் அவர்தம் மனைவி மக்களும் முகாமுக்குள்ளேயே குடியிருந்தனர். நிலத்தடிக் கிணறுகளிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீர் வீடுகளுக்குக் குழாய் வழியே சென்றது. டாராவா டெரஸ் என்னும் குடியிருப்பின் கிணறுகளுக்கருகே, முகாமுக்கு வெளியே, ஒரு துணிவெளுப்புக் கடை இருந்தது. அது கழித்துவிட்ட பெர்குளோரோஎத்திலீன் மண்ணில் இறங்கிக் கிணற்றைச் சேர்ந்தது. ஹாட்னாட் பாயிண்ட் பகுதியிலோ பழி வெளியாரைச் சாராது. முகாமின் சொந்தப் பட்டறைகளும், கசிந்த எண்ணெய்த் தொட்டிகளும், கழிவுக் குழிகளுமே டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் முதலியவற்றை நீரில் சேர்த்தன. 1982 மே மாதம் ஆஸ்பத்திரிக் குழாயில் பிடித்த நீரில் நூறு கோடிப் பங்குக்கு 1,400 பங்கு டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. பிற்பாடு அந்நாட்டு சர்க்கார் குடிநீருக்கு வகுத்த வரம்பு 5 பங்கு.

நீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று 1980 முதலே சோதனைக் கூடங்கள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன. ஆயினும் மிகுதியும் கெட்டுப்போன கிணறுகள் மூடப்பட்டது 1984 நவம்பருக்கும் 1985 பிப்ரவரிக்கும் இடையில்தான். அந்தத் தண்ணீரைக் குடித்தும் அதில் குளித்தும் வாழ்ந்தவர் பத்து லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது சர்க்கார் நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களுள் பெரும்பாலோர் பணி முடிந்து நாடெங்கும் சிதறிப் போயினர். ஜெரி என்ஸ்மிங்கர் என்னும் ஓய்வுபெற்ற சார்ஜெண்டின் மகள் 9 வயதில், 1985-ல், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். காரணம் எதுவெனத் தெரியாமல் 12 ஆண்டுகள் இருந்தபின், 1997-ல் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றில் முகாமின் தண்ணீரைப் பற்றித் தற்செயலாகக் கேள்விப்பட்டார் தந்தை. அன்று தொடங்கிய அவரது முயற்சி ஓயவில்லை.

வழக்குகள் தொடரப்பட்டன, ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. வீழ்ந்ததற்கான காரணங்களைக் கவனிக்கவேண்டும். பணியிலிருக்கையில் சிப்பாய் அடைந்த தீங்குக்காக சர்க்காரின்மேல் வழக்காட முடியாது என்று 1950-ல் ஃபெரஸ் வழக்கில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் கூறியிருந்தது. இது சிப்பாய்க்கு மட்டுமே. மனைவி மக்களைத் தடுத்தது வேறொன்று. வட கரோலினாச் சட்டத்தில் சாதாரணக் காலாவதியோடு 10 ஆண்டு முடிவுவரம்பு ஒன்றும் உண்டு. சாதாரணக் காலாவதியைத் தீங்கு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். முடிவுவரம்போ, தீங்கு செய்தவன் கடைசியாகச் செய்த செயலின் நாளிலிருந்து ஓடத் தொடங்கும். பாதிக்கப்பட்டவன் அறிந்தானா, நோயே தோன்றிற்றா என்பதை அது பாராது. அதே மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் ஒரு தொழிற்சாலை நிலம் 1987-ல் கைமாறிற்று. தங்கள் கிணற்றில் இதே டிரைகுளோரோஎத்திலீன் இருப்பதை அங்கு குடியிருந்தோர் 2009-ல் அறிந்து வழக்கிட்டனர். 2014 ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட், முடிவுவரம்பு கடந்துவிட்டது என்று அவர்களைத் திருப்பி அனுப்பிற்று. லெஜூன் முகாமின் வழக்குகள் அனைத்தும் 2016-ல் அட்லாண்டா கோர்ட்டில் தள்ளுபடியாயின. 2019-ல் கடற்படை இலாகா தன்னிடம் வந்த 4,400 கோரிக்கைகளையும் மறுத்துவிட்டது. சட்டப்படி அதற்கு வேறு வழியில்லை என்று இலாகாவின் மந்திரி கூறினார். அவர் கூறியது பொய்யன்று. அதுவே இதிலுள்ள கொடுமை.

சட்டம்தான் தடை என்றால் சட்டத்தை மாற்றவேண்டும். 2022 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட காம்ப் லெஜூன் நீதிச் சட்டம் அதைச் செய்தது. 1953 ஆகஸ்டு 1 முதல் 1987 டிசம்பர் 31 வரையுள்ள காலத்தில் 30 நாளாவது அம்முகாமில் இருந்தவர் எவரும் வழக்கிடலாம். தாயின் வயிற்றில் இருந்த சிசுவும் இதில் அடங்கும். பழைய முடிவுவரம்பு செல்லாது. கோரிக்கை கொடுக்க இரண்டு ஆண்டு, அதாவது 2024 ஆகஸ்டு 10 வரை, அவகாசம். எல்லாவற்றினும் முக்கியமானது சான்று பற்றிய விதி. இத்தண்ணீரே நோய்க்குக் காரணமென்று ஐயமற நிறுவவேண்டியதில்லை. காரணமாயிருப்பதற்கு உள்ள வாய்ப்பு, இல்லாதிருப்பதற்கு உள்ள வாய்ப்பைவிடக் குறையாமல் இருந்தாலே போதும். தராசின் இரண்டு தட்டும் சமமாக நின்றால் அளவு சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் சாலைக் கடைக்காரரின் வழக்கத்தைப் போன்றது இது. வழக்கமான சிவில் வழக்கிலோ வாதியின் தட்டுச் சிறிதேனும் தாழவேண்டும்.

அந்தத் தட்டில் வைக்கத் தக்க எடைக்கல் ஒன்று 2023 மே மாதத்தில் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த கோல்ட்மன் என்பவரும் உடனாய்வாளரும் 1975 முதல் 1985 வரை பணியாற்றிய மரீன்களைக் கணக்கெடுத்தனர். லெஜூன் முகாமில் இருந்தவர்களையும், தண்ணீர் கெடாத கலிபோர்னியாவின் பெண்டில்டன் முகாமில் இருந்தவர்களையும் ஒப்பிட்டனர். வைத்தியக் குறிப்புகள் கிடைத்த 1,58,122 பேருள் லெஜூனில் 279 பேருக்கும் பெண்டில்டனில் 151 பேருக்கும் பார்க்கின்சன் நோய் இருந்தது. இரு முகாம்களின் தொகையையும் சீர்படுத்திக் கணக்கிட்டால் லெஜூனில் நோய் வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகம். இந்த ஆய்வு இயன்றது எதனால்? எந்தச் சிப்பாய் எந்த மாதத்தில் எந்த முகாமில் இருந்தான் என்பதை ராணுவம் எழுதி வைத்திருந்தது. ஓய்வுபெற்றபின் அவனுக்கு வந்த வியாதிகளை ராணுவத்தாரின் ஆஸ்பத்திரிகள் எழுதி வைத்தன. இரண்டு பேரேடுகளையும் ஒத்துப் பார்த்தால் பாக்கி தெரிந்துவிடுகிறது. தனி ஒருவரின் நடுக்கத்துக்கு இத்தண்ணீர்தான் காரணமா என்பதை இத்தகைய கணக்கால் முடிவு கட்ட இயலாது. பெண்டில்டனிலும் 151 பேர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. சம நிலையே போதுமென்ற விதி இல்லாவிடில் இந்த ஆய்வும் கோர்ட்டில் அதிகம் பயன்பட்டிராது.

2023 செப்டம்பரில் சர்க்கார் வழக்கின்றித் தீர்த்துக்கொள்ள ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. முகாமில் ஓராண்டுக்குக் குறைவாக இருந்த பார்க்கின்சன் நோயாளிக்கு 1 லட்சம் டாலர், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை இருந்தவர்க்கு 2½ லட்சம், அதற்கு மேற்பட்டவர்க்கு 4 லட்சம். கடையில் விலைப்பட்டி எழுதித் தொங்கவிடுவது போன்ற இம்முறை மனத்துக்கு உவப்பாக இல்லைதான். ஆனாலும் கை நடுங்குகிறவர்க்கு ஆண்டுகள் மீதமில்லை. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் கடற்படை இலாகாவில் குவிந்தன. 2024 பிப்ரவரியில், இவ்வழக்குகளில் ஜூரி கிடையாது, நீதிபதிகளே விசாரிப்பர் என்று வட கரோலினாவின் நான்கு நீதிபதிகள் ஒருமித்துக் கூறினர்.

இப்பொழுது நம் பக்கத்துக்குத் திரும்பலாம். பாலக்காடு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர்த் தாலூகாவில், பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது பிளாச்சிமடை. தமிழோடு நெருங்கிய மொழி பேசும் எரவாளர் என்னும் பழங்குடியினர் அங்கு மிகுதி. 2000 மார்ச்சில் கோகோ கோலாக் கம்பெனி அங்கே பானம் தயாரிக்கத் தொடங்கிற்று. ஓரிரண்டு ஆண்டில் கிணற்று நீர் வற்றியும் கடுத்தும் சமையலுக்குதவாமற் போயிற்று என்று ஊரார் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் அறப்போராட்டம் ஆரம்பமாயிற்று. எரவாளர் குலத்து மூதாட்டி மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். அவர் 2007-ல் காலமானார். ஆலையின் கசடு, உரமென்று உழவர்க்குக் கொடுக்கப்பட்டு வந்தது. அதை எடுத்துச் சென்று இங்கிலாந்தில் சோதிக்கச் செய்து, ஈயமும் காட்மியமும் அதில் உள்ளன என்று 2003 ஜூலையில் உலகறியச் சொன்னது பி.பி.சி.யின் ஒரு வானொலி நிகழ்ச்சி. நமது துறையின் பெருமைக்காக இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தங்கள் ஆலையால் நீர் கெடவில்லை என்பது கம்பெனியின் நிலை. 2003 டிசம்பரில் கேரள ஹைகோர்ட் நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, சர்க்கார் அதன் தருமகர்த்தா மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005-ல் இரு நீதிபதிகள் அதை மாற்றினர். 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி பின்பு நிலையாக நடைபெறவில்லை. ஆலையை மீண்டும் நடத்தும் எண்ணமில்லை என்று கம்பெனி சொல்ல, 2017-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை முடித்துவிட்டது.

தண்ணீர் யாருடையது என்பதே இவ்வழக்குகளின் பொருள். குடித்தவர் உடம்புக்கு என்ன ஈடு என்பதை எந்தக் கோர்ட்டும் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிக்க, ஜயகுமார் தலைமையில் கேரள சர்க்கார் அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் அறிக்கை தந்தது. மொத்த நஷ்டம் 216 கோடியே 26 லட்சம் ரூபாய். இதில் விவசாய நஷ்டம் 84 கோடியே 16 லட்சம், உடல்நலக் கேடு 30 கோடி. இத்தொகையை ஆள்தோறும் பகுத்தளிக்க ஒரு தனி டிரிபியூனல் வேண்டுமென்று குழு கூறிற்று. அதற்கான மசோதா 2011 பிப்ரவரி 24-ஆம் தேதி, சாலையிலிருந்து சிறிது தொலைவில் பாளையத்திலுள்ள சட்டசபையில், எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட ஆலை, குறிப்பிட்ட பாதிப்பு என்று வரையறுத்து ஒரு வாசலைத் திறக்கும் இம்முறையைத்தான் 11 ஆண்டு கழித்து அமெரிக்கர் கைக்கொண்டனர். பிளாச்சிமடையில் நடுக்குவாதம் பற்றிய வழக்கு எழவில்லை. எனினும், காட்மியம் சிறுநீரகத்தையும் ஈயம் குழந்தைகளின் மூளையையும் கெடுப்பது மெல்ல மெல்லவே ஆதலின், காலம் பற்றிய சிக்கல் இரண்டிடத்தும் ஒன்றே. போதாக்குறைக்கு இங்கே இரண்டு பேரேடுகளும் இல்லை. எந்தக் குடியில் எவர் எத்தனை ஆண்டு எக்கிணற்றில் குடித்தார் என்பது கூலிக்காரக் குடும்பங்களில் எழுத்தில் இருப்பது அரிது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் ஒன்று உண்டு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், கெடுத்தவரே ஈடு கொடுக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் கூறிற்று. அத்தீர்ப்பின்படி அமைந்த அதிகார சபை சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் ஈடு நிர்ணயித்தது. உவரேறிப் பாழான நிலத்துக்குரிய ஈடு அது. நிலத்துக்குச் சர்வே நம்பர் உண்டு; பட்டா உண்டு; உவர் ஏறியதைக் கண்ணால் பார்க்கலாம். உடம்புக்குப் பட்டா ஏது?

கேரள மசோதாவைக் கவர்னர் ராஷ்டிரபதியின் இசைவுக்கென அனுப்பினார். அது டில்லியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, இசைவு பெறாமலே திரும்பிற்று. தேசியப் பசுமை டிரிபியூனல் சட்டம் 2010-லேயே வந்துவிட்டபடியால் இவ்வகைக் கோரிக்கைகளை அங்கே கொண்டுசெல்லலாம், மாநில டிரிபியூனல் தேவையில்லை என்பது அங்கு சொல்லப்பட்ட முக்கியமான ஆட்சேபம். அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால், ஈடு கோரும் காரணம் முதன்முதல் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும் என்றும், தக்க காரணம் இருந்தால் மேற்கொண்டு 60 நாள் தரலாம் என்றும் எழுதியிருக்கிறது. பிளாச்சிமடை ஆலை நின்றது 2004 மார்ச்சில். மிகத் தாராளமாக அந்த நாளையே தொடக்கமாக வைத்து எண்ணினாலும் ஐந்து ஆண்டு 2009 மார்ச்சில் முடிகிறது. 60 நாளையும் சேர்த்தால் மே மாதம். பசுமை டிரிபியூனல் சட்டம் அமலுக்கு வந்தது 2010 அக்டோபரில்.